புதுப்பிப்பு: யோகா வகுப்பும் மணிக்கட்டு வலியும்

அதோமுக சுவானாசனத்தில் (கைகளையும் கால்களையும் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி நிற்கும் ஆசனம்) மணிக்கட்டு வலிக்கிறது, வகுப்பை விட்டுவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விடவில்லை. விரல்களை அகல விரித்து, ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியைத் தரையில் அழுத்தச் சொன்னார் ஆசிரியை. முழங்காலையும் சற்று மடக்கச் சொன்னார்; தொடையின் பின்தசை இறுகியிருந்தால் பாரமெல்லாம் கைக்கு வந்துவிடுமாம். இடுப்பை மேலே தூக்கியதும் வலி பாதியாகக் குறைந்தது. குதிகால் இன்னும் தரையைத் தொடவில்லை. தொட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆசனம் செய்யத் துணையாக வைத்துக்கொள்ளும் மரக்கட்டையும் பட்டையும் முதியவர்களுக்குத்தான் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அவற்றை உலகெங்கும் பரப்பிய யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) அப்படி வயது வரம்பு எதுவும் வைக்கவில்லை. எனக்குக் கட்டை நன்றாகவே உதவுகிறது. சதுரங்க தண்டாசனத்தில் (முழங்கையை மடக்கி, உடலைத் தரைக்கு இணையாகத் தாங்கும் ஆசனம்) மட்டும் இன்னும் முழங்காலை ஊன்றிக்கொள்கிறேன். பக்கத்துப் பாயில் பயிற்சி செய்பவர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார், பார்க்கட்டும்.