பத்து லிட்டர் மருந்து ட்ரோன்: வயலில் எங்கே சறுக்குகிறது?

நெல்லுக்கு 10 லிட்டர் டேங்க் ட்ரோனில் மருந்து அடிப்பவர்கள், வயலில் பார்த்த கோளாறையும் அதன் காரணத்தையும் இங்கே போடுங்கள். "பார்த்து ஓட்டுங்க" ரக அறிவுரை வேண்டாம். அளவு வேண்டும்.

*

மருந்துக்கடை, டெல்டா:

கடைக்கு அதிகம் வரும் புகார், "ட்ரோன்ல அடிச்சேன், புழு சாகல" என்பதுதான். மருந்தைக் குறை சொல்வதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் போகும். ட்ரோனில் 10 லிட்டர். குருத்துப்பூச்சிக்கு குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (தண்ணீரில் கலக்கும் கெட்டித் திரவ மருந்து) ஏக்கருக்கு 60 மி.லி. கையால் அடிக்கும்போது லிட்டருக்கு 0.3 மி.லி. என்று பழகியவர், அதே கணக்கில் 10 லிட்டருக்கு 3 மி.லி. ஊற்றிவிட்டுப் போகிறார். மருந்து அளவு ஏக்கருக்கு. தண்ணீர் குறைந்தாலும் 60 மி.லி.யும் அந்த 10 லிட்டருக்குள்ளேயே போகணும்.

இதிலிருந்துதான் அடுத்த வில்லங்கம். கரைசல் 20 மடங்கு கெட்டியாகிறது. 200 லிட்டரில் ஒத்துப்போன இரண்டு மருந்து 10 லிட்டரில் தயிர் மாதிரி திரியும். அதனால் முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் அதே விகிதத்தில் கொஞ்சம் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் படிந்தாலோ திரிந்தாலோ டேங்கில் ஊற்றவே கூடாது. கலக்கும் வரிசை: வாளியில் பாதித் தண்ணீர், அதில் நனையும் தூள் அல்லது குருணை மருந்து, பிறகு எஸ்.சி., பிறகு ஈ.சி. (தண்ணீரில் பால் போலாகும் எண்ணெய் மருந்து), கடைசியில் ஒட்டும் திரவம். தூளைத் தனிக் குவளையில் கரைத்து, துணியில் வடிகட்டித்தான் வாளிக்கே கொண்டுவரணும்.

*

பைலட்:

அண்ணன் சொன்னது சரி. அளவு சரியாகக் கலந்தும் வரி வரியாகப் பயிர் விட்டுப்போனால் நாசிலை, அதாவது மருந்து பீய்ச்சும் முனையைப் பாருங்கள். வேகம் நொடிக்கு 4 மீட்டர், தெளிப்பு அகலம் 4 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 960 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். திருப்பங்களை விட்டால் நாலேகால் நிமிடம். 10 லிட்டர் அதற்குள் தீரணும் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 2.4 லிட்டர், நாலு நாசிலுக்குத் தலா 600 மி.லி.

இறக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் பம்பை ஓட்டி, ஒவ்வொரு நாசிலுக்கும் கீழே ஒரு அளவுக் குவளை வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். மூன்று 600, ஒன்று மட்டும் 520 என்றால் அதுதான் அந்த வரி. அடைப்பைக் குண்டூசியால் குத்தாதீர்கள். துளை கோணிவிடும், அப்புறம் எத்தனை கழுவினாலும் தெளிப்பு ஒரு பக்கம் சாயும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

*

பேட்டரி சர்வீஸ்:

6 செல் பேக் இரண்டு தொடராகப் போடும் செட்டுக்குச் சொல்கிறேன். முழுச் சார்ஜில் 50.4 வோல்ட். டேங்க் நிறைந்து மேலே ஏறும்போது வோல்ட் சட்டென்று இறங்கும், அது இயல்பு. எச்சரிக்கையை 44.4 வோல்ட்டில், அதாவது செல்லுக்கு 3.7இல் வையுங்கள். "இன்னும் ஒரு வரிதான்" என்று இழுக்கும்போதுதான் வயல் நடுவில் இறங்குகிறது.

ஜோடி பிரிக்கக் கூடாது. பேக் மேல் பெயின்ட்டில் 1அ, 1ஆ என்று எழுதி எப்போதும் சேர்த்தே சார்ஜ் போடுங்கள். செல்களுக்குள் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஒதுக்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் இறக்கின சூட்டோடு சார்ஜரில் மாட்டுவதுதான் பேட்டரி உப்பலுக்கு முக்கியக் காரணம். நிழலில் வைத்து, கையில் சூடு தெரியாத பிறகு மாட்டுங்கள். வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்கணும். தீப்பிடித்தால் கொட்ட, பக்கத்தில் ஒரு வாளி மணல்.

*

பயிற்சியாளர்:

மின்கம்பத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அதைச் சாய்வாக இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியை யாரும் பார்ப்பதில்லை. தடை உணரும் ராடாருக்கும் அவ்வளவு மெல்லிய கம்பி பெரும்பாலும் தெரியாது. வரப்பைச் சுற்றி ஒருமுறை நடந்து, கம்பத்தைச் சுற்றிய இடத்தை வரைபடத்திலேயே வெட்டிவிடுங்கள். சிக்னல் போனால் தானாகத் திரும்பும் உயரத்தையும் சரிபாருங்கள். அது 15 மீட்டரில் இருந்து, வழியில் 20 மீட்டர் தென்னை நின்றால் நேரே மட்டையில்தான் போய் மாட்டும். போர்வெல் ஷெட் தகரம், டிராக்டர் இவற்றுக்குப் பக்கத்தில் காம்பஸ் கேலிப்ரேஷன் போட வேண்டாம்.

பயிருக்கு மேல் ஒன்றரை முதல் 3 மீட்டர் உயரம். அதற்குக் கீழே போனால் இறக்கைக் காற்றிலேயே கதிர் சாயும். பூக்கும் பருவத்தில் காலை 9 முதல் 12 வரை அடிக்காதீர்கள், நெல் பூ விரியும் நேரம் அது.

*

சான்றிதழ், காப்பீடு மாதிரி காகித விஷயம்:

2021 ட்ரோன் விதிகளின்படி, சுமையோடு சேர்த்து 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை "சிறிய" வகை. டேங்க் நிறைந்த மொத்த எடைதான் கணக்கு, வெறும் எடை இல்லை. 25ஐத் தாண்டினால் "நடுத்தர" வகை. சிறிய வகைக்கு வாங்கின பைலட் சான்றிதழ் அங்கே செல்லாது. தனி அடையாள எண், மூன்றாம் தரப்புக் காப்பீடு இரண்டும் வேண்டும். முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலம், விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான், மற்ற இடத்தில் 400 அடி. 10 அடியில் பறக்கிறவருக்கு உயரம் பிரச்சினை இல்லை. அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத சிவப்பு, மஞ்சள் மண்டலத்தில் வயல் விழுகிறதா என்பதுதான் கேள்வி. மண்டல வரைபடம் மாறும், அன்றன்றைக்குப் பாருங்கள். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கணும்.

*

மருந்துக்கடை, மறுபடியும்:

ஒன்று விட்டுப்போச்சு. களைக்கொல்லிக்குத் தனி டேங்க், தனி ஹோஸ், தனி நாசில். 2,4-டி அடித்த டேங்கை மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் பருத்திக்குப் போனாலும், ஹோஸ் ரப்பரில் தங்கியதே போதும். சில நாளில் பருத்தி இலை ஒடுங்கி, நரம்பு தெறித்து, வெண்டை இலை மாதிரி நிற்கும். பக்கத்து வயலில் பருத்தி நின்றால், காற்று அந்தப் பக்கம் வீசும்போது 2,4-டியை ட்ரோனில் எடுக்கவே எடுக்காதீர்கள்.