ராக்கி மலை கொலம்பைன் விதை முளைக்கவே இல்லை, என்ன செய்யலாம்?

கேள்வி
வணக்கம். டென்வரில் இருக்கிறேன். கொலராடோவின் மாநில மலரான நீல-வெள்ளை கொலம்பைன் (அக்விலேஜியா கோருலியா) விதை வாங்கி ஏப்ரலில் தொட்டியில் போட்டேன். அரை அங்குலம் மண் மூடி, தினமும் பூவாளியால் தண்ணீர் விடுகிறேன். ஒன்றரை மாதமாகியும் ஒரு முளைகூட இல்லை. விதை கெட்டுப்போனதா?

பதில் 1
விதையைக் குறை சொல்லாதீர்கள். இது 2,100 முதல் 3,700 மீட்டர் உயரத்தில் பனிக்கடியில் குளிர்காலத்தைக் கழிக்கும் விதை. ஈரமும் குளிரும் சேர்ந்து கிடைத்தால்தான் உறக்கம் கலையும். வெளிச்சமும் பட வேண்டும். அரை அங்குல மண் அதை மறைத்துவிட்டது.

விதையை ஈர மணலில் கலந்து, ஜிப் கவரில் போட்டு, ஃப்ரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸில் 4 வாரம் வையுங்கள். மணலைப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. பிறகு தொட்டி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (மண்ணை இளக வைக்கும் எடை குறைந்த வெள்ளைத் துகள்) கலந்து, மேலே தூவி, விரலால் அழுத்தினால் போதும், மூட வேண்டாம். தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். பூவாளியால் விட்டால் அந்தக் கறுத்த சின்ன விதை மண்ணுக்குள் இறங்கிவிடும். 18-20 டிகிரியில் 3-4 வாரத்தில் முளைக்கும்.

கேள்வி கேட்டவர்
நன்றி! ஃப்ரீசரில் வைத்தால் சீக்கிரம் ஆகுமா? இல்லையென்றால் மலையிலிருந்தே ஒரு செடி எடுத்து வரலாமா?

பதில் 2
ஃப்ரீசர் வேண்டாம். ஈரம் குடித்த விதை உறைந்தால் உள்ளே கரு சிதையலாம். காய்ந்த விதையைக் குளிரில் வைத்தும் பயனில்லை.

மலைச் செடியைத் தொடவே தொடாதீர்கள். பொது நிலத்தில் இதை வேரோடு பிடுங்குவதை 1925லேயே கொலராடோ சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பிடுங்கிய செடி பெரும்பாலும் பிழைக்காது. உங்கள் நாற்றையும் இரண்டு மூன்று நிஜ இலை (முளையின் முதல் ஜோடி விதையிலைக்குப் பிறகு வருபவை) விட்டதும் நிலத்தில் நட்டுவிடுங்கள். டென்வர் களிமண்ணில் நீர் தேங்கினால் தண்டும் வேரும் கூடும் இடம் அழுகும். பொடிக்கல் கலந்து, அந்த இடம் மண்ணுக்கு மேலே தெரிய வையுங்கள். மதிய வெயில் நேரே படாத இடம் நல்லது.

பதில் 1
ஃப்ரிட்ஜ் சிரமமென்றால் நவம்பரில் வெளியே தூவுங்கள், பனியே வேலையை முடித்துவிடும். முதல் வருடம் இலைதான், பூ அடுத்த வருடம். பக்கத்தில் சிவப்பு, மஞ்சள் கொலம்பைன் இருந்தால் மகரந்தம் கலந்துவிடும். அந்தச் செடியின் விதையில் அசல் நீலத்தை எதிர்பார்க்க முடியாது.