டஸ்டர் ஆல் வீல் டிரைவ்: பின்னால் மட்டும் பெரிய டயர் போடலாமா?

கீழக்கரை_மீன்வண்டி:

அண்ணன்களுக்கு வணக்கம். மச்சான் சவுதிக்குப் போகும்போது தன்னுடைய டஸ்டர் ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். வாலிநோக்கம், மாரியூர் பக்கம் வள்ளம் ஒதுங்கும் கரையிலேயே நண்டும் மீனும் எடுத்து, ஐஸ் பெட்டியைப் பின்னால் ஏற்றி வருகிறேன். மணலில் பின்சக்கரம் புதைகிறது. கம்பெனி அளவு 215/65 ஆர்16. முன் டயர்கள் பாதி தேய்ந்திருக்கின்றன, பின் டயர்கள் மொட்டையாகிவிட்டன. கடையில் 235/65 ஆர்16 இரண்டு இருக்கிறதாம். அகலம் கூடுதல், மணலில் இறங்காது, பின்னால் மட்டும் போட்டால் போதும் என்கிறார்கள். நான்கு வாங்க இப்போது கையில் காசு இல்லை. போடலாமா?

மண்டபம்_வேன்:

நானும் ஒரு சைஸ் பெரிதாகப் பின்னால் போட்டிருக்கிறேன். தனுஷ்கோடி வரை தினமும் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. தாராளமாகப் போடுங்கள்.

உச்சிப்புளி_அலைன்மென்ட்:

கீழக்கரை தம்பி, போடாதீர்கள். மண்டபம் தம்பியின் வேனில் இரண்டு சக்கரம்தான் இழுக்கிறது. அதில் முன்னும் பின்னும் அளவு மாறினால் ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் பொய் சொல்லலாம், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் இருந்தால் அது குழம்பலாம். அதோடு போய்விடும். உங்கள் வண்டியில் முன்னிருந்து பின்னுக்கு ஒரு ஷாஃப்ட் ஓடுகிறது. பின்சக்கரம் இரண்டுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலுக்கு முன்னால், ஷாஃப்டை அதோடு இணைக்கும் ஒரு கப்ளிங், அதற்குள் கிளட்ச் தட்டுகள். முன்சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றினால் அந்தத் தட்டுகளை இறுக்கி, பின்னுக்கும் இழுவையை அனுப்பும். முன்சக்கரம் பின்சக்கரத்தை விட வேகமாகச் சுற்றுகிறதா என்பதை வைத்துத்தான் வழுக்கலை அது கண்டுபிடிக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீத உயரம் என்பது, 16 என்பது அங்குலத்தில் ரிம். 215/65 ஆர்16 டயரின் மொத்த உயரம் 686 மில்லிமீட்டர். 235/65 ஆர்16 என்றால் 712. ஒரு கிலோமீட்டருக்கு முதலாவது 464 சுற்று, இரண்டாவது 447. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் முன்சக்கரம் 900 சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியிருக்கும். வண்டி காய்ந்த தார் ரோட்டில் நேராகப் போய்க்கொண்டிருக்கும், கம்ப்யூட்டரோ முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்று நினைக்கும். தட்டுகள் ஓயாமல் உரசும், சூடாகும், கடைசியில் கப்ளிங்கே போகும். அதை மாற்றுகிற செலவோடு பார்த்தால் நான்கு டயர் விலை பெரிதே இல்லை.

நாபை லாக்கில், அதாவது முன்னையும் பின்னையும் ஒன்றாகப் பூட்டும் நிலையில், போட்டு ஓட்டினால் இன்னும் மோசம். மணலில் டயர் கொஞ்சம் வழுக்கி முறுக்கத்தை விட்டுக்கொடுக்கும். தார் விட்டுக்கொடுக்காது, அந்த முறுக்கம் முழுவதையும் ஷாஃப்டும் கியரும்தான் தாங்க வேண்டும்.

அளவு ஒன்றாக இருந்தாலும் தேய்மானம் வேறாக இருந்தால் இதே தொந்தரவு, சிறிய அளவில். புது டயரின் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டையின் உயரம்) 8 மில்லிமீட்டர், பழையதில் 3 என்றால் உயரத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம், ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். சுபாரு கம்பெனி தன் வண்டிகளுக்கு நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பட்டன் கணக்கில் அது ஒரு மில்லிமீட்டர்தான்.

தொண்டி_வாசகன்:

பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பின்னால் அகலமான டயரோடுதானே வருகிறது? அதுவும் ஆல் வீல் டிரைவ்தானே அண்ணே?

உச்சிப்புளி_அலைன்மென்ட்:

நல்ல கேள்வி. அதன் முந்தைய மாடல்களில் 20 அங்குல ரிம் வந்தபோது முன்னால் 275/40, பின்னால் 315/35. உயரத்தைக் கணக்குப் போட்டால் முன்னது 728, பின்னது 728.5. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! அகலம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், உயரம் மாறக் கூடாது என்று அவர்கள் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் பாருங்கள். டஸ்டருக்கும் 215/60 ஆர்17 நான்கிலும் போட்டால் 690 வரும், அது பரவாயில்லை. ரிம்மில் ஐந்து போல்ட், 114.3 பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்), நடு ஓட்டை 66.1, ஆஃப்செட் (ரிம் உள்ளே வெளியே தள்ளி நிற்கும் அளவு) எல்லாம் பொருந்த வேண்டும். ஆனால் மணலில் இறங்குகிறவருக்கு ரிம் பெரிதாவதில் லாபம் கிடையாது. டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால்தான் காற்றைக் குறைக்க வசதி.

மணலுக்கு வைத்தியம் காற்றுதான் தம்பி. கரையில் இறங்கும் முன் நான்கிலும் 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். டயர் நீளவாக்கில் படுத்து மணல் மேல் மிதக்கும். சட்டென்று திருப்பாதீர்கள், ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். ஐஸ் பெட்டியோடு குறைந்த காற்றில் தார் ரோட்டில் ஓடினால் டயர் சூடாகி வெடிக்கும். அதனால் 12 வோல்ட் பம்ப் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும், மணலை விட்டு ஏறியதும் பழையபடி நிரப்பிவிடுங்கள். உப்புத் தண்ணீர் பட்ட நாளில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசவும் மறக்காதீர்கள்.

கீழக்கரை_மீன்வண்டி:

ரொம்ப நன்றி அண்ணே. 235 வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். இப்போதைக்கு 215/65இல் புதிது இரண்டு மட்டும் பின்னால் போட்டு, நாபை முன்சக்கரம் மட்டும் இழுக்கும் 2டபிள்யூடியிலேயே வைத்து ஓட்டினால்?

உச்சிப்புளி_அலைன்மென்ட்:

தார் ரோட்டில் 2டபிள்யூடி என்றால் கப்ளிங் தப்பிக்கும், கொஞ்ச நாளைக்குச் சமாளிக்கலாம். கரையில் லாக் போட்டால் மேலே ஏறியதும் ஞாபகமாக எடுத்துவிட வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால், உங்கள் முன் டயர் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியில், அதே அளவுக்குத் தேய்ந்த பழைய டயர் இரண்டு தேடுங்கள். பட்டனை கேஜ் வைத்து அளந்து வாங்குங்கள். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், 2223 என்றால் 2023ஆம் வருடம் 22ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டியது, பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்தது, ஒட்டுப் போட்டது எதுவும் வேண்டாம். மாட்டிய பிறகு சம தரையில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று தள்ளி, டேப்பால் அளந்து பாருங்கள். முன்னும் பின்னும் வித்தியாசம் ஆறேழு மில்லிமீட்டருக்குள் வந்தால், நாபை ஆட்டோவில் (கம்ப்யூட்டரே பின்னுக்கு இழுவை அனுப்பும் நிலையில்) வைத்துப் பயமில்லாமல் ஓட்டலாம். பணம் சேர்ந்ததும் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், ஸ்டெப்னிக்கும் அதே அளவுதான்.