மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயில் முள்ளெலிக்கு ஆகுமா?

கிராணிமகள்:
பழைய மண்டோர் அண்ணன் நேற்று எழுதினார்: "ஆப்பிரிக்க முள்ளெலி வெயிலில் பிறந்த பிராணி. நம் ஊர் சூடு அதை ஒன்றும் செய்யாது. மத்தியானம் கூண்டைத் தாழ்வாரத்திலேயே விடலாம்." அதை நம்பி ஒரு பையன் இன்று கூண்டை வெளியே வைத்துவிட்டான். படித்ததும் வயிறு எரிந்தது. அதற்கு ஒத்துவருவது சுமார் 24 முதல் 28 டிகிரி வரைதான். 30-ஐத் தாண்டினால் வயிற்றைத் தரையோடு அப்பி, நாலு காலையும் பரப்பிப் படுத்துவிடும், மூச்சு இரைக்கும். நம் ஊரில் பகலில் 33, 34 சர்வ சாதாரணம். சிங்க் தகரக் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம்.

பழைய மண்டோர்:
தங்கச்சி, பெயரிலேயே ஆப்பிரிக்கா இருக்கிறது. அங்கே அதற்கு யார் ஏர்கோன் போட்டுக் கொடுத்தார்கள்? தோட்டத்திலேயே தலை நரைத்தவன் நான். செம்பனைக் கன்றைக் கடித்துப் போடும் லண்டாக்கை, அதுதான் முள்ளம்பன்றியை, எத்தனையோ பார்த்திருக்கிறேன். எந்த லண்டாக் வெயிலில் செத்தது?

கிராணிமகள்:
லண்டாக் கொறிக்கிற சாதி, எலி அணில் கூட்டம். முள்ளெலி புழு பூச்சி தின்கிற சாதி. முள்ளைத் தவிர ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆப்பிரிக்காவிலும் அது பகலில் வெயில் காய்வது கிடையாது. பாறை இடுக்கு, கறையான் புற்று என்று எங்காவது புகுந்து தூங்கிவிட்டு, இருட்டிய பிறகுதான் இரை தேட வரும். கூண்டில் அடைத்து வைத்தது எந்தப் புற்றுக்குள் போகும்?

தானாராத்தா_தேவி:
எங்களுக்குத் தலைகீழ். இங்கே கேமரன் மலையில் ராத்திரி 18 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது அதன் வயிறு சில்லிட்டுப் போகும், தள்ளாடி நடக்கும், அப்படியே உறக்கத்தில் விழும். அந்த உறக்கம் இந்த வகைக்கு உயிருக்கே ஆபத்து. எல்லாரும் ஹீட்டிங் பேட் வாங்கி வையுங்கள்.

சிப்புட்_சிங்கம்:
இந்த ஊரில் ஹீட்டிங் பேடா? மலைக்காரர்களுக்குக் கீழே இருப்பவன் நிலைமை எப்போது தெரிந்திருக்கிறது?

தானாராத்தா_தேவி:
கோழிக் கூண்டைப் பற்றிப் பேசிய போதும் என்னை இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

லயத்துப்பிள்ளை:
அக்கா, கூண்டை வெளியே வைத்தது நான்தான். இப்போது வாயில் நுரை தள்ளி, தலையைப் பின்னால் திருப்பி முதுகு முள்ளில் பூசிக்கொள்கிறது. வெறி பிடித்துவிட்டது என்று அம்மா பயப்படுகிறார்.

கிராணிமகள்:
தம்பி, நுரைக்குப் பயப்படாதே. புது வாசனை ஏதாவது பட்டால் அதை மென்று, நுரையாக்கி, நாக்கை நீட்டி முள்ளில் தடவிக்கொள்ளும். அது அதன் சுபாவம். முதலில் கூண்டை உள்ளே எடு. சிமெண்டுத் தரையில் வை. போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றி, கூண்டின் ஒரு பக்கத்தில் வெளியே சாய்த்து வை. சூடு தாங்காவிட்டால் அதுவே அந்தப் பக்கம் ஒதுங்கும். ஃபேனை நேராகத் திருப்பாதே. அப்புறமும் காலைப் பரப்பி இரைத்துக்கொண்டே இருந்தால் ஈப்போவில் மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதே.

லயத்துப்பிள்ளை:
மண்டோர் மாமா பால் கொடுக்கச் சொன்னாரே?

கிராணிமகள்:
வேண்டவே வேண்டாம். பாலில் இருக்கும் சர்க்கரை அதற்குச் செரிக்காது, வயிற்றால் போகும். வெயிலில் வாடியதற்கு வயிற்றாலும் போனால் என்ன ஆகும்? கொழுப்புக் குறைந்த பூனை பிஸ்கட்டும் தண்ணீரும் வை.

பழைய மண்டோர்:
பால் ஆகாது, வெயில் ஆகாது. என் பேத்தியுடையது தாழ்வாரத்தில்தான் இருக்கிறது, ஜம்மென்று. ஆப்பிரிக்கா ஆப்பிரிக்காதான்.

கிராணிமகள்:
தாழ்வாரத்தில் எத்தனை டிகிரி, அண்ணே?

சிப்புட்_சிங்கம்:
சிங்கப்பூரில் இதை வளர்க்கவே கூடாது. அங்கே வேலை செய்கிற என் மச்சான் சொன்னான்.

பழைய மண்டோர்:
அங்கே எதற்குத்தான் விட்டார்கள்?

கிராணிமகள்:
சிங்கப்பூரை விடுங்கள். எத்தனை டிகிரி?

பழைய மண்டோர்:
பெரியவர்களிடம் பேசுகிற முறையா இது? உன் அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தினால் அரைப் பேர் போட்டு அரை நாள் சம்பளத்தை வெட்டிவிடுவார். எங்களுக்கு இரக்கப்படாத வீட்டில் முள்ளெலிக்கு இரக்கமாம்.

கிராணிமகள்:
அப்பாவை இழுக்காதீர்கள். அந்தக் கணக்கை அவரிடமே நேரில் வந்து கேளுங்கள், வீடு தெரியும்தானே? உங்கள் பேத்தியின் முள்ளெலி இந்த நேரம் எப்படிப் படுத்திருக்கிறது என்று எழுந்து போய்ப் பாருங்கள். ஒரு தெர்மாமீட்டரைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள்.

தானாராத்தா_தேவி:
ஹீட்டிங் பேட் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

பழைய மண்டோர்:
தெர்மாமீட்டர் எங்கள் வீட்டில் இல்லை. ஆப்பிரிக்காவிலும் இல்லை.