மறு: ‘புயல் அலை’ வேண்டாம், ‘புயலேற்றம்’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

> ஸ்டார்ம் சர்ஜுக்கு நாளிதழ்களில் ‘புயல் அலை’ என்றே எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

பழகிய சொல்தான் ஐயா, ஆனால் இது அலை இல்லையே. அலை என்றால் மோதும், திரும்பிப் போகும். ஸ்டார்ம் சர்ஜ் என்பதில் புயலால் கடல்மட்டமே உயர்ந்து, மணிக்கணக்கில் வடியாமல் நிற்கிறது. கரை நோக்கி வீசும் காற்று நீரைத் தள்ளிக்கொண்டே வருகிறது. ஆழமில்லாத கடலில் அந்த நீர் அடிவழியாகத் திரும்ப இடமில்லாமல் கரையோரம் குவிந்துவிடுகிறது. புயலின் நடுவே காற்றழுத்தம் குறைவதாலும் கொஞ்சம் உயரும். ஒரு மில்லிபார் குறைவுக்கு ஏறக்குறைய 1 செ.மீ., அவ்வளவுதான். அலைகள் இந்த உயர்ந்த நீரின் மேல்தான் வருகின்றன.

1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவிசீமாவில் கடல் 5 மீட்டர் அளவுக்கு உயர்ந்து ஊர்களுக்குள் புகுந்தது. சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குப் போன ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை ‘ராட்சத அலை’ என்று சொல்லியே பழகிவிட்டோம். ஊரே கடலுக்குள் போனதை அந்த ஒரு சொல் விளக்குமா? ‘கடல் சீற்றம்’ இன்னும் மோசம். அலை பெரிதாக இருந்தாலும் சீற்றம், ஊருக்குள் தண்ணீர் வந்தாலும் சீற்றம். எச்சரிக்கையைக் கேட்பவர் படகை மேலே இழுத்துக் கட்டுவதா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதா?

‘தண்ணி ஏறிடுச்சு’ என்பதுதான் பேச்சில் உள்ளது. அதனால் புயலேற்றம். ‘ஏற்றம்’ என்றால் விலையேற்றமும் கிணற்று ஏற்றமும் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு முன்பே வந்தது. ‘புயல்’ முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. ‘புயலேற்ற எச்சரிக்கை’, ‘புயலேற்ற உயரம் 2 மீட்டர்’ என்று செய்தியில் வாசித்துப் பாருங்கள், தடங்கலே இல்லை. ‘எழுச்சி’ எனக்கு ஒப்பவில்லை. அது மக்கள் திரண்டு எழுவதற்கே இருக்கட்டும்.

நம் குழுவில் அம்மா ஒருவர் சொன்ன ‘புயலோதம்’ அருமையான சொல். கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதற்குப் பள்ளிப் பாடநூலிலேயே ‘ஓதம்’ இருக்கிறது. ஆனால் அதற்கு வேறு வேலை உண்டு. புயலால் ஏறிய நீரும் வழக்கமான ஓதமும் சேர்ந்த மொத்த உயரத்தை ஸ்டார்ம் டைட் என்கிறார்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. 1970 நவம்பர் 12 இரவு போலா புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானை உயர் ஓத நேரத்தில் தாக்கியது. குறைந்தது 3 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், ஓதம் உச்சத்தில் இருந்ததால் வந்த கேட்டைத் தனியே சொல்லவே முடியாது.

அப்புறம் இன்னொன்று. நம் கிழக்குக் கரையை மேற்கு நோக்கிக் கடக்கும் புயலுக்கு வடக்கே நீர் ஏறும். தெற்கே காற்று தரையிலிருந்து வீசுவதால் கடல் உள்வாங்கும். அதற்குப் ‘புயலிறக்கம்’ சரியாக வரும்.

மூன்றையும் சொல்லடைவில் அடுத்தடுத்துச் சேர்க்கலாமா? ‘புயலிறக்கம்’ பற்றி மீனவ ஊர்களைச் சேர்ந்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அங்கே வேறு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.