படம் அச்சிட்ட பழைய தகர டிரேயில் துரு: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

தகரத்தட்டு:
கோக்க கோலா விளம்பர டிரே, 13¼ × 10½ அங்குலம். படத்தின் நடுவே மிளகளவு துருப் புள்ளிகள், ஓரம் முழுக்கக் கீறல், மேலே எண்ணெய்ப் பிசுக்கு. எலுமிச்சையோ ஸ்டீல் நாரோ போட்டுத் தேய்க்கலாமா? இது அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? கூடவே எனாமல் கிண்ணங்களும் கலர் அலுமினிய டம்ளர்களும் இருக்கின்றன.

பழம்பாத்திரம்:
இரண்டுமே வேண்டாம். இரும்புத் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு, அதன் மேல் அச்சு மை, அதற்கும் மேல் வார்னிஷ். புளிப்பு எதுவானாலும் கீறல் வழியாக உள்ளே இறங்கி மையைத் தகட்டிலிருந்து கிளப்பிவிடும். தேய்த்த அன்று பளிச்சென்று இருக்கும், பிறகு கீறலின் இருபுறமும் வண்ணம் செதில் செதிலாக உதிரும்.

வெதுவெதுப்பான தண்ணீர் அரை லிட்டருக்கு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். ஊற வைக்காதீர்கள். முதலில் ஒரு மூலையில் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் சாம்பல் நிறம் ஏறினால் அழுக்கு. படத்தின் சிவப்போ பச்சையோ ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெள்ளைப் பகுதி கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கும், அது பழுத்த வார்னிஷ். அதை வெளுக்கப் பார்ப்பவர்கள்தான் நல்ல டிரேக்களைக் கெடுக்கிறார்கள். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள்.

துருப் புள்ளியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பல்குத்தும் குச்சியின் முனையால் மெதுவாகச் சுரண்டுங்கள். 0000 என்ற மிக மென்மையான ரக ஸ்டீல் நார் பின்பக்கத்துக்கு மட்டும். சுருட்டிய விளிம்புக்குள் தண்ணீர் தங்கும், அங்கிருந்துதான் அடுத்த துரு கிளம்பும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து விளிம்பைச் சுற்றி உலர்த்துங்கள்.

லென்ஸ்10:
அசலா என்பதற்கு: டிரேயில் அச்சிட்ட வருடத்தை நம்பவே கூடாது, மறுபதிப்பிலும் பழைய வருடமே இருக்கும். 1970களிலிருந்து மறுபதிப்புகள் ஏராளம். பார்கோடு இருந்தால் மறுபதிப்பேதான், பேச்சே இல்லை. பார்கோடு கடைகளுக்கு வந்ததே 1974இல்தான். பழைய டிரேக்கள் பலவற்றின் விளிம்போரம் பொடி எழுத்தில் அமெரிக்கன் ஆர்ட் ஒர்க்ஸ், கொஷாக்டன், ஓஹாயோ என்று இருக்கும். அந்தப் பொடி எழுத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். பழைய டிரேயைப் படமெடுத்து அச்சிட்டதில் எழுத்தின் ஓரம் மழுங்கிப் புள்ளிகளாக உடைந்திருக்கும். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் கீறல் நகத்துக்குத் தட்டுப்படவில்லை என்றால் அந்தக் கீறலே அச்சிட்டது!

தகரத்தட்டு:
அருமை, நன்றி. முடித்த பிறகு ஸ்பிரே வார்னிஷ் அடித்துவிடலாமா?

பழம்பாத்திரம்:
கூடாது, பிறகு எடுக்கவே முடியாது. நிறமில்லாத மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் கழித்துப் பருத்தித் துணியால் துடையுங்கள். கார் பாலிஷ் வேண்டாம். அதிலுள்ள அரைபொடி வார்னிஷை அரிக்கும், கீறலுக்குள் வெள்ளையாகத் தங்கியும்விடும். அடுக்கும்போது இடையில் அமிலமற்ற தாள் வையுங்கள். செய்தித்தாள் ஈரம் இழுக்கும்.

எனாமல்கிண்ணம்:
கிண்ணங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எனாமல் என்பது இரும்பில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில்லு பெயரும். உள்பக்கம் பெயர்ந்ததில் சாப்பாடு வைக்காதீர்கள். பழைய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எனாமலில் காட்மியம் இருக்கலாம், டிரேயின் மையில் காரீயம் இருக்கலாம். அவை பார்வைக்கு மட்டும். கலர் டம்ளர்களை டிஷ்வாஷரில் போட்டால் அதன் சோப்பிலுள்ள காரத்தில் நிறம் போய்விடும், கையால்தான் கழுவ வேண்டும்.