குடியை நிறுத்தியபோது மூளைக்குள் நடந்தது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மகள், தஞ்சாவூர்:

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் மதுக்கடைகள் மூடப்பட்டன. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்துவந்த என் அப்பாவுக்குக் குடி ஒரே நாளில் நின்றது. அம்மா குலதெய்வத்துக்கு விளக்கேற்றினார். மறுநாள் கை நடுங்கியது, உடம்பெல்லாம் வியர்த்தது. இரவில், சுவரெங்கும் பூச்சி ஊர்கிறது என்றார். விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது.

அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் தந்த விளக்கத்தை இன்றும் யார் கேட்டாலும் சொல்கிறேன். மூளையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் காபா, முடுக்கிவிடும் வேதிப்பொருள் குளூட்டமேட். மது முன்னதற்குத் துணைபோகிறது, பின்னதைத் தடுக்கிறது. அன்றாடம் இது நடந்தால் மூளை ஈடுகொடுக்கப் பார்க்கிறது: காபா வந்து ஒட்டும் இடங்களான காபா ஏற்பிகள் மந்தமாகின்றன, குளூட்டமேட் ஏற்பிகள் பெருகுகின்றன. வடம் இழுக்கும்போது ஒரு பக்கத்தார் திடீரென்று கைவிட்டால் எதிர்ப்பக்கத்தார் மல்லாந்து விழுவார்கள். மது திடீரென்று நின்றதும் முடுக்கிவிடும் பக்கம் ஓங்கிவிட்டது; அப்பாவுக்கு நேர்ந்தது அதுதான்.

அவருக்கு லோராசிபாம் என்ற மாத்திரை கொடுத்தார்கள். வழக்கமாகக் கொடுக்கும் குளோர்டயசிபாக்சைடு கல்லீரலில் சிதைந்து வெளியேற நெடுநேரம் ஆகும். அப்பாவின் கல்லீரல் கெட்டிருந்தது. இரண்டுமே காபா ஏற்பியில் தனியோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு காபாவின் வேலைக்கு வலுவூட்டுபவை. மூளை பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் கிடைக்கிறது. அளவை நாளுக்கு நாள் குறைத்து நிறுத்திவிட்டார்கள். “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?” என்று சித்தப்பா சண்டைக்கு வந்தார். அந்த மாத்திரைதான் அப்பாவைக் காப்பாற்றியது என்று அவரிடம் இன்றும் வாதாடுகிறேன்.

செவிலியர், மதுரை:

சகோதரி சொன்ன வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அது கடந்ததும் வீட்டுக்கு அழைத்துப்போகத் துடிப்பார்கள். ஆள், இடம் தெரியாமல் பிதற்றும் கட்டம் 48 முதல் 96 மணி நேரத்துக்குள்தான் பெரும்பாலும் தொடங்கும். தயவுசெய்து பொறுத்திருங்கள்.

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள், தெம்பு வரும்” என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெடுநாள் குடித்தவர்களின் உடலில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். குளுக்கோஸைப் பயன்படுத்த மூளைக்கு அது வேண்டும். அதனால் தயமின் ஊசியை முதலில் போடுகிறோம். சர்க்கரை அபாயமாக இறங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுப்போம். தயமின் குறைபாடு முற்றினால் நடை தள்ளாடும், கண் அசைவு கெடும், நினைவே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

குடியை விட்டவர், கோவை:

நடுக்கம் ஓய்ந்த பிறகும் எனக்கு ஏக்கம் ஓயவில்லை. நால்ட்ரெக்சோன் என்ற மருந்து கொடுத்தார்கள். குடியின் இன்பத்தை உணரவைக்கும், மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை அது அடைத்துவிடுவதால், குடித்தாலும் பழைய இன்பம் கிடைப்பதில்லை என்றார் மருத்துவர். எனக்கு மாலை நேரங்கள் மெல்ல எளிதாயின.

டைசல்ஃபிராம் என்ற மருந்து வேறு வகை. அதை உட்கொண்டவர் குடித்தால், மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடலில் தேங்கி, முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடும் பெண்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் கலக்காதீர்கள் அம்மா; அவரிடம் சொல்லி, மருத்துவர் முன்னிலையில் அவர் சம்மதத்தோடு தொடங்குங்கள்.